முச்சந்தியில் ஒரு குடித்தனம்

போட்ட சாமான் போட்டபடி கிடக்கவில்லை. ஜெயசெல்வியின் கண்ணில் முதலில் உறுத்தியது அதுதான்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில் கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் முச்சந்தியில் எறிந்துவிட்டு வந்தவள் அவள். கால் உடைந்த முக்காலி, துருவேறிய தகரப்பெட்டி, கரையான் தின்ற பலகைகள், கிழிந்த ஓலைப்பெட்டிகள் என்று ஒரு வண்டிப் பாரம். சாயங்காலம் திரும்பும்போது பார்த்தால், சங்கு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் சுவரை ஒட்டித் தகரப்பெட்டி நிமிர்ந்து இருக்கிறது. அதன்மேல் ஓலைப்பெட்டிகள் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியிருக்கின்றன. முக்காலி, உடைந்த கால் சுவர்ப் பக்கமாக, பதவிசாக நிற்கிறது. அவள் வீட்டுப் பின்னறையில் இத்தனை வருஷமாக அவை எப்படி இருந்தனவோ, அச்சு அசல் அப்படி.

தெருப் பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு உன் வீட்டுப் பின்னறை எப்படித் தெரியும் என்று மனசு கேட்டது. சும்மா கிட என்று அதை அதட்டிவிட்டு நடந்தாள். டீச்சர் அல்லவா, அதட்டுவது பழக்கம்.

இவ்வளவும் கிருபைக்காகத்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒற்றை மகள். பிறந்ததிலிருந்து மூச்சிழுப்பு. கடல் காற்று கொஞ்சம் திரும்பி, உப்பளத்து ஈரமும் கிட்டங்கியின் பின்னால் குவிந்து கிடக்கிற சிப்பியின் அழுகல் வாடையும் வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும், பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ கீல் துருப்பிடித்த கதவை மெதுவாகத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு சத்தம் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா வருமா என்று உட்கார்ந்திருப்பதே ஜெயசெல்வியின் பிழைப்பாகப் போய்விட்டது. புருஷன் ஜெபசிங் கொழும்பில் கப்பல் கம்பெனி வேலையில் இருந்தான். யுத்தம் வந்த பிறகு அவன் வருவதும் போவதும் கடவுள் சித்தம்.

மிஷன் டாக்டரம்மாதான் ஒருநாள் வீட்டுக்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இந்த வீட்டுல பிள்ளை மூச்சு விட இடம் இருக்கா? அடைசலை எல்லாம் எடுத்து எறியுங்க. சாமானை மட்டும் சொல்லலை, ஆளுகளையும்தான் சொல்லுதேன். தினம் வந்து உக்காந்து அழுதுட்டுப் போறவங்களைக் கிட்டச் சேர்க்காதீங்க. உங்க நெஞ்சு லேசானாத்தான் பிள்ளை நெஞ்சு லேசாகும்."

ஆளுகள் என்ன ஆளுகள், ஒரே ஆள்தான். ஜெபசிங்கின் அக்காள் செல்லக்கனி. புருஷனைப் பறிகொடுத்தவள், பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஜெயசெல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுமுன் மூக்குப்பொடி மணக்க வந்துவிடுவாள். கூடத்தில் அவளுக்கென்று ஒரு பாய், ஒரு தலையணை. உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடும். தம்பி கடுதாசி போடவில்லை, அண்டை வீட்டுக்காரி மதிக்கவில்லை, இடுப்பு வலிக்கிறது, நான் செத்தால் யார் பார்ப்பார்கள். விளக்கு வைத்த பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் எழுந்து போகும்போது ஜெயசெல்வி பிழிந்து போட்ட துணியாகக் கிடப்பாள். நல்லவள்தான். ஆனால் அட்டையும் ஒன்றும் கெட்டது இல்லையே, ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது அதன் பிறவிக்குணம்.

முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழவில்லை. பாயும் தலையணையும் இல்லாவிட்டால் தானே புரிந்துகொள்ளட்டும் என்று, அவற்றையும் அவளுடைய பொடிக்கறை படிந்த பழைய சேலை ஒன்றையும் சுருட்டி முச்சந்திக்குக் கொண்டுபோனாள்.

"டீச்சரம்மா!" அடுத்த வீட்டு சீனித்தாய் வாசலில் நின்று கூப்பிட்டாள். பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மனைவி. "அங்கன போயா போடுதீங்க? நாங்க கழிப்புக் கழிக்கிற இடம்லா அது. சீக்காளியத் தலையைச் சுத்தி, உடுத்த துணியோட அங்கன கொண்டு போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவோம். உடம்புச் சூடு பட்ட சாமானை அங்கன போடலாமா?"

"குப்பை வண்டி அதுவரைக்கும்தான வருது? எங்களுக்கு இந்தக் கழிப்பு கிழிப்பெல்லாம் கிடையாது, சீனித்தாய்."

"உங்களுக்கு இல்லாட்டா என்ன, அந்த இடத்துக்கு உண்டும்லா?"

ஜெயசெல்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுருட்டிய பாயைக் கிட்டங்கிச் சுவரோரம் எறிந்தாள். "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க மைனி, உங்களுக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்று செல்லக்கனியை நினைத்து முணுமுணுத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

செல்லக்கனி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பார்த்தபோது, வெள்ளைச் சேலையில் சுருக்கமில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது எழுந்தாள். வாய் திறக்கவில்லை.

"சுகமா மைனி?"

"சுகம்."

அவ்வளவுதான். குறை இல்லை, கண்ணீர் இல்லை, பொடி வாடைகூட இல்லை. ஜெயசெல்வியைப் பார்த்து அளவாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடந்து போனாள். அப்பாடா, பிரச்சினை இவ்வளவு சுலபமா என்று ஜெயசெல்விக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. வீடும் காலியாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது. ஒரு பானை, ஒரு பெஞ்சு, ஒரு வேதப்புத்தகம், கிருபையின் மெத்தை.

அந்த வாரம் பிள்ளைக்கு என்றைக்கும் இல்லாத இழுப்பு. உதடு நீலம் பாரித்து, கண் செருகி, அம்மாவின் கழுத்தைப் பிறாண்டி, போய்ப் போய் வந்தது உயிர். விடிகிற நேரத்தில் ஒருவழியாகத் தணிந்து, பிள்ளை வெறுந்தரையில் சுருண்டு தூங்கியது. ஜெயசெல்வி மெத்தையைப் பார்த்தாள். வருஷக்கணக்கான வேர்வையும் தைலமும் கோழையும் ஊறி, பஞ்சு கட்டி தட்டி, நடுவில் பிள்ளையின் உருவத்துக்குப் பள்ளம் விழுந்த மெத்தை. தூக்கமில்லாத ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் முச்சந்தியில் தள்ளினாள்.

"எனக்கு இனிமே ஏலாது" என்று அழுதாள். "தொலைஞ்சு போ!"

நோயைத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது கிருபை எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் சத்தமே இல்லை. ஜெயசெல்வி முழங்காலில் விழுந்து ஜெபம் பண்ணினாள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். போட்டதைத் தின்றது பிள்ளை. கருப்பட்டி கேட்டு அடம் பிடிக்கவில்லை. தலை பின்னும்போது சிணுங்கவில்லை. சொல்லாமலே பெஞ்சைத் துடைத்தது.

"வேற என்னம்மா வெளிய போடணும்?" என்று கேட்டது.

"ஒண்ணும் இல்ல கண்ணு. எல்லாம் போட்டாச்சு."

பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்த்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்தது.

தலையணைகூட இல்லாமல் நேராக மல்லாந்து தூங்கியது. கவிழ்ந்து படுத்துக் காலை அம்மாமேல் போடுகிற பிள்ளை. ஜெயசெல்வி அதன் தலைமாட்டில் மூக்கை வைத்து முகர்ந்தாள். எண்ணெயும் வேர்வையுமாக ஒரு வாசனை உண்டு கிருபைக்கு, அது இல்லை. கழுவிக் காயவைத்த சிலேட்டைப்போல் இருந்தது. குணமாகிவிட்டால் இப்படித்தான் இருக்குமோ என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் விமானத் தாக்குதல் காவலுக்கு நின்ற வார்டன் தெருவில் சைக்கிள் மணி அடித்து, விளக்கை மறைக்கச் சொல்லிப் போனான். ஜப்பான்காரன் விமானம் வந்துவிடுமென்று ஊரே பொழுது சாய்ந்ததும் குருடாகிவிடுகிற காலம். ஜெயசெல்வி சிம்னியில் கறுப்புத்தாளைச் சுற்றிவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனாள். கடலிலிருந்து காற்று திரும்பியிருந்தது. சிப்பி வாடை. உப்பு ஈரம். அதோடு, தெருக்கோடியிலிருந்து, மெல்லிசாக, கீல் துருப்பிடித்த கதவை யாரோ திறப்பதும் மூடுவதுமாக ஒரு சத்தம்.

கை ஜன்னலிலேயே நின்றுவிட்டது.

எந்தக் கூட்டத்திலும், எந்த இருட்டிலும் அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இழுத்து, நின்று, இன்னும் கொஞ்சம் இழுத்து, விட முடியாமல் விடுகிற மூச்சு.

திரும்பிப் பார்த்தாள். கிருபை பெஞ்சில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிருபை. இங்க வா."

வந்தது. ஜெயசெல்வி குனிந்து அதன் மூக்கின்கீழ் விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். காற்று படவில்லை. நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை. சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அதுபோல் வெறும் இரைச்சல். தூரத்தில். உள்ளே யாருமே இல்லாத இரைச்சல்.

வெளியே சத்தம் இன்னொரு முறை இழுத்தது. நடுவில் ஒரு சொல். "அம்... மா."

ஜெயசெல்வி கதவுக்கு ஓடினாள். சில்லென்ற விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

"போகாதீங்க அம்மா. வேண்டாம்னு போட்டதுதான?"

குரலில் கோபம் இல்லை. ஆசை இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நீலம் பாரிக்காத உதடு. சுத்தமான மூக்கு. இனி எந்த ராத்திரியும் கண் விழிக்க வேண்டாம். ஐயோ ஆண்டவரே, அந்த ஒரு கணம் அவள் நின்றாள், நின்றது உண்மை. பிறகு கையை உதறினாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள். ஓடினாள்.

தெரு இருட்டு. செருப்பு இல்லை. கல். மணல். மூச்சுச் சத்தம் முன்னால்.

சிப்பிக் குவியலின் வெளுப்பில் முச்சந்தி மங்கலாகத் தெரிந்தது. கிட்டங்கிச் சுவரோரம் ஒரு வீடு. சுவர் இல்லை, கூரை இல்லை, ஆனாலும் வீடு. தகரப்பெட்டி அதனிடத்தில். முக்காலி அதனிடத்தில். பாய் விரித்திருந்தது. பாயில் செல்லக்கனி, தலை கலைந்து, பொடிக்கறைச் சேலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெத்தை. மெத்தையின் பள்ளத்தில் கிருபை.

"வந்துட்டியா ஏளா?" செல்லக்கனி பொருமினாள். "பிள்ளை உன்னையவே கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கு. நான் ஒருத்தி எம்புட்டு நேரம் நெஞ்சைத் தடவிக் குடுப்பேன்? என் கையில உசிரு இருக்கா? யாரு என்னைய நெனைக்கா?"

அவள் கை பிள்ளையின் நெஞ்சை விடவே இல்லை. தடவிக்கொண்டே இருந்தது.

ஜெயசெல்வி மெத்தையில் விழுந்து பிள்ளையை வாரி எடுத்தாள். சுட்டது. நனைந்திருந்தது. நெஞ்சு கோழிக்குஞ்சாக அடித்துக்கொண்டது. எண்ணெய், வேர்வை, தைலம். பிள்ளையின் நகம் அவள் கழுத்தில் பிறாண்டியது. எரிந்தது. என் கண்ணே, என் ராசாத்தி, பிறாண்டு, நல்லாப் பிறாண்டு. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்கு... போவோம்மா."

"போவோம் கண்ணு. மைனி, எந்திரிங்க. நீங்களும் வாங்க. எல்லாரும் போவோம்."

செல்லக்கனி எழவில்லை. ஜெயசெல்வியின் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். பொருமலை நிறுத்தினாள்.

ஜெயசெல்வி திரும்பினாள்.

அவள் வீட்டு வாசல் திறந்திருந்தது. கறுப்புத்தாள் சுற்றிய விளக்கு உள்ளே கொஞ்சமாய் எரிந்தது. வாசலில் கிருபை நின்றாள், நேராக, கையைக் கட்டிக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில், அவ்வளவு தூரத்துக்கும் தெளிவாக, இன்னொரு ஜெயசெல்வி நின்றாள். அதே சேலை, கசங்காமல். கொண்டையில் ஒரு மயிர் பிசகாமல். கழுத்தில் கீறல் இல்லை. கண்ணில் அழுகை இல்லை. குப்பை வண்டி இன்னும் வரவில்லையே என்று பார்ப்பவளாக முச்சந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளையின் தலையில் கைவைத்து உள்ளே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.