தோ மன்னரின் படையல்

விடிந்ததும் மூதாதையர் கோயிலுக்கு வந்து சேர்ந்தேன். இறந்த மன்னர் தோவுக்குப் படையல் நடத்துவது மற்ற பூசாரிகள் மறுத்த வேலை. வீட்டில் எனக்கு யாரும் இல்லை. போன பனிக்காலத்தோடு மனைவியும் போய்விட்டாள். மறுக்கத் தோன்றவில்லை.

கூடத்தில் வேகவைத்த தினையின் ஆவி. எருதுக் கொழுப்பின் வாடை. அடுப்புகள் எரிந்தும் தரை சில்லிட்டது.

இறந்த அரசருக்குப் படைக்கும்போது பேரன் ஒருவன் அவருடைய அங்கியை உடுத்தி அவர் இடத்தில் உட்கார வேண்டும். பேரன் உண்டால் இறந்தவரே உண்கிறார். அவன் 'நிறைஞ்சுது' என்றால், அவர் படையலை ஏற்றுக்கொண்டார்.

மன்னர் தோவுக்குப் பேரன்கள் இருந்தார்கள். அவருக்குப் பின் முடிசூடிய தம்பி யிங் ஒருவனையும் விட்டுவைக்கவில்லை. அதனால் தன் சொந்தப் பேரன் பெங்கை உட்காரவைத்தார்.

எதிரே சூ நாட்டுத் தூதர் சாங் லி. தோ நஞ்சினால் செத்தார் என்ற பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. படையல் ஏற்கப்படாவிட்டால் அது உண்மையென்றாகும், சூவின் படை ஆற்றைக் கடக்கும்.

"பேரப்புள்ளைங்களுக்கு அவ்வளவு பஞ்சமா மன்னா? அண்ணனுக்கு இரவல் பேரன உக்கார வச்சிருக்கீங்க?" என்றார் சாங் லி.

"நாக்க ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாம் தூதரே. இங்க மாட்டு நாக்கே மீந்து கெடக்கு," என்றார் யிங்.

"உண்ணுங்கள்," என்றேன் நான்.

பெங் உண்டான். தினை தீர்ந்தது. இறைச்சி தீர்ந்தது. பிறகு எலும்பு நொறுங்கும் ஒலி கேட்டது.

யிங் குனிந்து கிசுகிசுத்தார். "போதும்டா. சொல்லிக் குடுத்தேன்ல? நிறைஞ்சுதுன்னு சொல்லு."

பெங் தலை நிமிர்ந்தான்.

"பசிக்குது, தம்பி."

சிறுவனின் வாயில் ஒரு கிழவரின் குரல்.

யிங்கை அப்படி அழைக்க உயிரோடு எவரும் இல்லை.

பெங் கோப்பையில் மது ஊற்றி, இரு கைகளாலும் யிங்கிடம் நீட்டினான். இறந்தவர் தரும் கோப்பையைப் படைத்தவர் மறுக்கக் கூடாது. அதே சாடியிலிருந்து தூதரும் நானும் ஏற்கெனவே குடித்திருந்தோம்.

"குடிங்க மன்னா," என்றார் சாங் லி. "அண்ணன் குடுக்குறாரு. அவர் கையால வாங்க என்ன பயம்?"

யிங் குடித்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

வாய்விட்டுச் சிரித்தார். பற்கள் கறுத்திருந்தன.

சரிந்தார்.

யாரும் அசையவில்லை. பெங் மட்டும் கையை நீட்டி, யிங்கின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

வேறு வாரிசு இல்லை. பெங்கை அரசனாக்கினோம். சூவின் படை வரவில்லை. அங்கியைக் கழற்றச் சொன்னேன், அவன் கேட்கவில்லை.

நேற்று அரசவையில் நரைத்த அமைச்சர் ஒருவரைக் கைகாட்டி அழைத்தான். யிங்குக்கு முடி சூட்டியவர் அவர்தான். பக்கத்தில் உட்கார ஒரு பாய் விரித்திருந்தது, அதன் முன் அதே கோப்பை.

"வா தம்பி. சாப்பிடலாம்."