இடப்பக்கம் வாய்

ஜாடியில் இருந்த முப்பத்தேழு நத்தைகளுக்கும் வாய் இடப்பக்கம் இருந்தது.

ஒன்றுக்கு மட்டும் அப்படி இருந்திருந்தால் அவள் நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்திருப்பாள். கூம்பு மேலேயும் வாய் தன்னைப் பார்த்தும் இருக்கும்படி ஓட்டைப் பிடித்தால் இந்த வரி நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம்தான் இருக்கும். மாறிப் பிறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பதினோரு வருடமாகக் கடல் நத்தைகளை இனம் பிரிப்பதே பிழைப்பாக இருக்கிற அவளே ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. முப்பத்தேழும் மாறியிருந்ததைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிற்பகல் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நீண்ட ஜன்னல்களில் தண்ணீர் வழிந்து, வழிந்த தண்ணீரின் நிழல் இழுப்பறை அலமாரிகளின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, அறை முழுக்க ஸ்பிரிட்டின் நெடியும் ஈர அட்டைப்பெட்டிகளின் வாடையும், அவற்றுக்கு அடியில் எப்போதும் போகாத ஒரு மெல்லிய கவிச்சியும் கலந்து நின்றன. அவள் மேசை விளக்கைப் போட்டு, இடுக்கியால் இன்னொன்றை எடுத்தாள். வாய்க்குள் நான்கு பல். ஓட்டில் ஐந்து பழுப்பு வரி. எல்லாம் அதே இனம்தான், பக்கம் மட்டும் வேறு.

"என்னடி, உன் வீட்டுக்காரர் மறுபடியும் போட்டோவ மாத்தி அனுப்பிட்டாரா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி, குடையைத் தேடிக்கொண்டே.

"போட்டோ இல்ல. நத்தையே."

"நத்தையவே திருப்பிட்டாரா? கெட்டிக்காரர்தான் போ." சிரித்தபடி அவள் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கதவு சாத்தியதும் அறையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அந்தக் கேலிக்குக் காரணம் இருந்தது. இந்த ஆய்வு நிலையத்துக்காகக் கரையோரப் பாறைகளில் நத்தை சேகரிப்பவர் அவள் கணவர்தான். மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஒரு பாறைத்திட்டுக்குப் போனவர், கால் வழுக்கித் தண்ணீர் நின்ற இடுக்கில் விழுந்துவிட்டார். "கொஞ்ச நேரம்தான் உள்ள இருந்தேன். ஒண்ணும் ஆகல" என்று அன்று மாலையே போனில் சொன்னார். வேலை பாக்கி இருக்கிறது என்று கரையிலேயே தங்கியும்விட்டார். அதற்குப் பிறகு அவர் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் நத்தைக்கு வாய் இடப்பக்கம் இருந்தது. போன் நனைந்து கோளாறாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நத்தைகளே ஜாடியில் வந்து சேர்ந்தது இன்றுதான்.

நத்தைப் படத்தை இடவலம் மாற்றிப் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் காலங்காலமாக நடக்கிற கூத்து. வாய் இடப்பக்கம் தெரிந்தால் யோசிக்காமல் படத்தைத் திருப்பு என்பதுதான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் கற்ற பாடம். எல்லாப் படங்களையும் ஒரே சொடுக்கில் திருப்பிப் பதிவேட்டில் ஏற்றினாள். நத்தையை உள்ளங்கையில் ஏந்தி அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றும் அதில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் திருப்பினாள்.

இப்போது அந்தப் படத்தைக் கணினியில் திறந்தாள். வலக்கண்ணுக்குக் கீழே மச்சம், இருக்க வேண்டிய இடத்தில். அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் அவருக்குப் பின்னால் இருந்த படகைப் பார்த்தாள். படகின் எண் கண்ணாடியில் தெரிவதுபோல மாறித் தெரிந்தது. மூன்று வாரமாக இது அவள் கண்ணில் படவே இல்லை. அவள் நத்தையின் வாயை மட்டுமே பார்த்திருந்தாள்.

படத்தைப் பழையபடி திருப்பினாள்.

படகின் எண் நேரானது. மச்சம் இடக்கண்ணுக்குக் கீழே போனது.

அப்படியானால் போனில் கோளாறே இல்லை.

இரண்டு ஓடுகள் வரிக்கு வரி, பல்லுக்குப் பல் ஒத்துப்போய், சுருள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் சந்தேகம் தீரும்வரை அவள் அவற்றை ஒரே இழுப்பறையில் வைக்க மாட்டாள். பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்த முகத்தை இப்போது அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் மகளின் நினைவு வந்தது. பள்ளி விடுமுறை என்று ஏழு வயதுப் பிள்ளையை மூன்று நாளுக்கு முன் அவள்தான் அவரிடம் அனுப்பிவைத்திருந்தாள், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து, அப்பா பேச்சைக் கேட்டு நடந்துக்கோ என்று புத்தியும் சொல்லி.

இன்று நாலு மணிக்குப் பிள்ளையை நேராக இங்கேயே கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். மணி மூன்று ஐம்பது.

காலையில் வந்த படத்தைத் திறந்தாள். மகள் பாறை மேல் உட்கார்ந்து சிரித்தாள். முடி சொட்டச் சொட்ட ஈரம். தோளிலிருந்து முழங்கால்வரை துண்டு. அவள் பின்னால் பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் ஏதோ வெளிறிய கல். இரண்டு வயதில் கொதிக்கும் பால் கொட்டியதில் பிள்ளையின் இடது முன்கையில் இலை மாதிரி ஒரு தழும்பு உண்டு. அது தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். துண்டு மறைத்தது. படம் நகர்ந்து மகள் திரையின் ஓரத்துக்குப் போனாள்.

போனை எடுத்தாள்.

"சொல்லும்மா." அதே குரல். அதே சாவகாசம்.

"ஏங்க, பாப்பா தண்ணில இறங்கினாளா?"

மறுமுனையிலும் மழை பெய்தது.

"கொஞ்ச நேரம்தான். ஒண்ணும் ஆகல."

"போன அவகிட்ட குடுங்க."

"எதுக்கு? இதோ, படியேறிக்கிட்டு இருக்கோம்."

போனிலும் படியிலும் ஒரே நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. பெரிய கால். சின்னக் கால். ஈரச் செருப்பின் சதக் சதக். கவிச்சி முதலில் வந்தது. பிறகு கதவு திறந்தது.

"அம்மா!"

பிள்ளை ஓடி வந்தது. ஓடாதே என்று சொல்ல வாய் வரவில்லை. கைகள் பழக்கத்தில் தாமாகவே விரிந்தன. அள்ளித் தூக்கினாள். அதே எடை. அதே முன்பல் இடைவெளி. அவள் அழுதாள். என் தங்கம் என்று மனசுக்குள் ஆயிரம் முறை சொன்னாள், அது தங்கமாகவே இருக்க வேண்டும் என்று.

அவர் கதவருகிலேயே நின்றார். கைக்கடிகாரம் வலது கையில் இருந்தது.

மகளின் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. இடது தோளின் மேல் விழுந்த கை பிள்ளையின் வலது கை. அதில்தான் தழும்பு சொரசொரத்தது. நெஞ்சோடு நெஞ்சு அழுந்தியபோது பிள்ளையின் இதயம் அவள் இதயத்தின் மேலேயே அடித்தது. ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை தூக்கியிருப்பாள். ஒருநாளும் அது அந்தப் பக்கம் அடித்ததில்லை.

"நாளைக்கு நீயும் வர்றியாம்மா?" காதோரம் குளிர்ந்த மூச்சு. "கொஞ்ச நேரம்தான்."

பிள்ளையின் ஈரத் தலைக்கு மேலே திரை தெரிந்தது. பெரிதாக்கிய படம் அப்படியே நின்றிருந்தது. மகள் நகர்ந்துபோன இடத்தில் பாறை இடுக்கும் தண்ணீரும் திரை நிறைய இருந்தன.

அது கல் இல்லை.

ஐந்து விரல். மேல்நோக்கி விரிந்த சின்ன உள்ளங்கை. தண்ணீருக்கு அடியில், முன்கையில், இலை மாதிரி ஒரு தழும்பு.

எந்தக் கை என்று வழக்கம்போலப் பார்த்தாள். இடது கை. கட்டைவிரல் சரியான பக்கத்தில் இருந்தது. அந்தப் படத்தில் திருப்புவதற்கு ஒன்றுமே இல்லை.