டேப்பின் மறுமுனை

டேப் தொய்யவில்லை.

நாற்பது அடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால் எந்த அளவு டேப்பும் நடுவில் கொஞ்சம் தொங்கும். அதிலும் மறுமுனையைப் பிடித்திருந்த தலையாரி அழகுமலை சரிவின் கீழ்ப்பக்கம் நின்றிருந்தார். அதனால் அது அனுசியாவின் கையிலிருந்து தாழ்ந்துதான் போக வேண்டும். ஆனால் அவள் நெற்றிக்கு மேலே விறைப்பாக ஏறி, பனிமூட்டத்துக்குள் போயிருந்தது.

முந்தாநாள் சாயங்காலம் போடிக்கு மேலே இந்த ஏலத்தோட்டத்தில் ஒரு சுழல்காற்று இறங்கி, ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போயிருந்தது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் சிலமலைப் பக்கம் ஒரு தென்னை மட்டைகூட விழவில்லை. இங்கேதான், சரிவில் ஒரே கோடாக ஏலச்செடிகள் துவைத்துப் போட்டதுபோலக் கிடந்தன. நிழல்மரங்கள் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இடுப்பில் முறுக்கி ஒடிந்திருந்தன. கிராம நிர்வாக அலுவலரான அனுசியாவுக்கு அந்தச் சேதத்தை அளந்து எழுதும் சோலி. ஏழு இடம் அளந்து முடித்தபோது மணி நாலு. அப்போதுதான் பனி இறங்கியது. நசுங்கிய பச்சைக்காய் வாசம் மூக்கை அடைத்தது. அதற்கடியில் காயாத துணியின் முடைநாற்றம். ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

"அண்ணே, கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிங்க" என்றாள்.

டேப் இரண்டு முறை வெட்டி இழுபட்டது. பிடித்துவிட்டேன், படிக்கலாம் என்று அவர்களுக்குள் வைத்திருந்த சைகை அது. நாற்பத்தாறு அடி. நோட்டில் எழுதினாள்.

பக்கவாட்டுப் பாதையில் சருகு நொறுங்கியது. திரும்பினாள். அழகுமலை மூச்சிரைக்க ஏறி வந்தார், கூடவே ஒரு பெண்.

தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் சுந்தரம்மாள் கூப்பிட்டாள் என்று, டேப்பின் முனையை ஒரு செடியில் மாட்டிவிட்டு, பனி இறங்கும்போதே கீழே போய்விட்டதாகச் சொன்னார். காற்றடித்த அன்று காய் எடுக்கப் போன இவள் அக்கா மொக்கம்மாள் ஜீப்பு ஏறி ஊருக்குப் போயிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அங்கே வரவில்லை என்று இன்றைக்குத்தான் போன் வந்ததாம்.

"எதுக்கும் ஒரு வார்த்தை எழுதிக்..."

டேப் போகும் திசையைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது.

மறுபடியும் இரண்டு வெட்டு.

சுந்தரம்மாள் பக்கத்தில் வந்து டேப்பைத் தொட்டாள். கையை எடுக்கவே இல்லை.

"எங்கக்காதான்" என்றாள்.

கிணற்றில் நீர் சேந்துவதுபோலக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கத் தொடங்கினாள். அவள் விரல்களுக்கிடையே எண்கள் நகர்ந்தன. அனுசியாவின் கண்கள் பழக்கத்தில் படித்தன. நாற்பது. முப்பத்தைந்து. டேப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். விரல் விரியவில்லை.

முப்பது.

மேலே சேலை படபடக்கும் சத்தம். காற்றே இல்லை.

"வெரசா வாக்கா."

இருபது.

பதினைந்து.

அவர்கள் தலைக்கு மேலே, பனிக்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் இறங்கின. வெறும் பாதங்கள். விரல்கள் தரையைத் தேடி நீண்டிருந்தன. நகத்தில் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. மெதுவாக, ஒரே சீராக, அவை சுழன்றுகொண்டிருந்தன.

சுந்தரம்மாள் இழுப்பதை நிறுத்தவில்லை.