வரேன் என்று சொன்னால்

சென்னையில் வாடகைச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் முதலில் தலைக்கவசம் மாட்டுவார்கள், அடுத்து வாயை மூடிக்கொள்வார்கள். குழந்தைகளையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஊர்மிதி என்று பேர்பெற்று, தெருமுனைதோறும் நின்ற அந்த வண்டிகளுக்குக் காது கூர்மை. அவை சாயாமல் தம்மைத் தாமே சமன் செய்துகொள்ளும், வழி சொல்லும், ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கொஞ்சம் தள்ளியும் விடும். ஆனால் சொற்காப்பு விதிக்குக் கட்டுப்பட்டவை. தம் காதுபட யார் யாருக்கு வாக்குக் கொடுத்தாலும், அதை நிறைவேற்றிவைப்பது அவற்றின் கடமை. வாக்கு பதிவானதும் கைப்பிடி மணி ஒருமுறை 'கிணிங்' என்று அடிக்கும்.

தமயந்திக்கு இது தெரியாது. செவ்வாயில், செம்மண்பேட்டைக் குடியிருப்பில் மண் பரிசோதிப்பவள் அவள். ஒரு மாநாட்டுக்காக இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பூமிக்கு வந்திருந்தாள். மாலை ஐந்து மணிக்குக் காசிமேட்டு ஏவுதுறையிலிருந்து கலம் புறப்படும். தவறவிட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்துத்தான். ஐந்து மணிவரை இன்றைய பகல் முழுவதும் அவளுடையது. யாருக்கும் பதில் சொல்லாமல் ஊரைச் சுற்ற வேண்டும், கடைசியில் கடலில் கால் நனைக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

மயிலாப்பூர் குளக்கரையில் காபி குடிக்க இறங்கியபோது, பழக்கதோஷத்தில் வண்டியின் இருக்கையைத் தட்டி, "போயிட்டு வரேன்" என்றாள். கிணிங்.

காபி குடித்துவிட்டு நான்கு வீதிகளையும் நடந்தே பார்த்தாள். வடக்கு வீதியில் நின்ற வேறொரு வண்டியில் கை வைத்தபோது அது நகர மறுத்தது. "உங்க வண்டி குளக்கரையில காத்துட்டிருக்கு, அக்கா. வரேன்னு சொல்லியிருக்கீங்க."

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "வெளியூரா? வண்டிகிட்ட 'போறேன்'னுதாம்மா சொல்லணும். நாங்க வூட்லயே இப்ப அப்படித்தான் சொல்றோம்."

'போறேன்.' அந்தச் சொல்லைத் தமயந்தி வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். அது வெளியே வர மறுத்தது. திரும்பி நடந்து போய்ப் பழைய வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். தனக்காக ஒன்று காத்து நின்றதில், வெட்கத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

ராயப்பேட்டையில் கொடிகளால் பின்னிய பாலங்கள், கூவத்தில் குளிக்கிற எருமைகள், பதினேழாவது மாடியில் நடக்கிற மீன் சந்தை. செவ்வாயில் எல்லாத் திசையும் சுவரில் முடியும். இங்கே ஒரு தெரு இன்னொரு தெருவைப் பெற்றுக்கொண்டே போனது. அவள் வாய்விட்டுச் சிரித்தபடி மிதித்தாள். அப்போதுதான் சுகிர்தாவின் அழைப்பு வண்டியின் கைப்பிடியில் ஒலித்தது.

சுகிர்தா கல்லூரித் தோழி, பெரம்பூரில் இருக்கிறாள். இருபது ஆண்டுகளாக மாதம் ஒருமுறை இருவரும் குரல்செய்தி அனுப்பிக்கொள்வது உண்டு.

"ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராம போயிடாதடி!"

"ஐயோ, அது எப்படி? சாயங்காலத்துக்குள்ள கண்டிப்பா வரேன்."

"சாப்பிடாம வா. உனக்காக வத்தக்குழம்பு வெச்சிருக்கேன்."

கிணிங். கிணிங்.

கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வண்டி, வடக்கே திரும்பியது.

"ஏய், எங்க போற? எனக்குக் கடல் பாக்கணும்!"

"பெரம்பூர், அக்கா. நீங்க சொன்னதுதான்."

"அது சும்மா சொன்னதுப்பா."

"சும்மா சொன்னதுன்னு என் விதியில ஒரு வகை இல்லையே."

மணி ஒன்றரை. இறங்கிக்கொண்டாலும் வேறு எந்த வண்டியும் ஏற்றாது. மிதித்துக்கொண்டே தமயந்தி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்: போக ஏன் இவ்வளவு தயக்கம்? கோபம் ஒன்றுமில்லை. பயம்தான். தொலைவில் இருந்ததாலேயே வாடாமல் இருந்த நட்பு அது. நேரில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால்? 'வரேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை அந்தக் கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் சுகிர்தா செருப்பு மாட்டி, கையில் பூட்டோடு நின்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நிஜமாவே வந்துட்டியாடி?" என்றாள் சுகிர்தா, பதறிப்போய்.

"வத்தக்குழம்பு?"

"நீ எங்க வரப் போறேன்னு... நான் கடைக்குக் கிளம்பிட்டேன்."

"அவங்க வெச்சிருக்கேன்னு சொன்னாங்க," என்றது வண்டி, விடாமல்.

"யாருடி இது, மாமியார் மாதிரி?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். வண்டி வாசலிலேயே நின்று கவனிக்க, சுகிர்தா அவசரமாக வத்தக்குழம்பு வைத்தாள். புளி கூடிவிட்டது. பேச விஷயம் இல்லாமல் போகவில்லை, நேரம்தான் போதவில்லை. நாலு மணிக்குச் சுகிர்தாவும் ஒரு வண்டி எடுத்துக்கொள்ள, இருவரும் போட்டி போட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு மிதித்தார்கள்.

ஏவுதுறைக்குப் பக்கத்திலேயே கடல். வண்டிகளை மணலில் நிறுத்திவிட்டுக் கணுக்கால்வரை இறங்கினார்கள். கலத்தின் முதல் சங்கு ஊதியது. தமயந்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதடி. நானும் ஒரு நாள் செவ்வாய்க்கு வரேன்."

"கண்டிப்பா வா. எவ்வளவு நாள் வேணும்னாலும் என்கூடத் தங்கு."

கிணிங். கிணிங்.

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

"அடுத்த கலம், இருக்கை நாற்பத்திரண்டு," என்றது சுகிர்தாவின் வண்டி. "போக ஏழு மாசம்."

"திரும்பி வர்ற கலம் கிடைக்க ஒன்றரை வருஷமாவது ஆகும்," என்றது தமயந்தியின் வண்டி. "அதுவரைக்கும் உங்க வீட்லதான், அக்கா."

தமயந்தி தன் ஒற்றை அறையை நினைத்தாள். சுகிர்தா தன் வீட்டையும், ஊஞ்சலில் ஆடினாலே வரும் தலைசுற்றலையும் நினைத்தாள். 'சும்மா சொன்னேன்' என்ற சொல் இரண்டு பேர் நாக்கு நுனியிலும் வந்து நின்றது. எதிரில் நிற்பவள் முதலில் சொல்லட்டும் என்று இருவருமே காத்திருந்தார்கள்.

இரண்டாம் சங்கு ஊதியது.

"அங்க வத்தக்குழம்பு கிடைக்குமாடி?" என்றாள் சுகிர்தா, சன்னமாக.

தமயந்தி வாயைத் திறந்தாள். மணலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, பதில் சொல்லுமுன் நன்றாக யோசித்தாள்.

"கிடைக்காது," என்றாள். "நான் வெச்சுத் தரேன்."

கிணிங்.