அறுத்த கொடி

அறுத்துப் பதினொரு நாளாகியும் கொடியில் ஓர் இலைகூட வாடவில்லை.

பின்சுவரைப் பற்றிக்கொண்டு மாடிவரை ஏறியிருந்த அதன் அடித்தண்டு அவள் முழங்கைப் பருமன் இருந்தது. சுவர் விரிசல் விடுகிறதென்று, வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன்தான் ரம்பத்தால் அதில் ஒரு சாண் துண்டை அறுத்து எறிந்துவிட்டுப் போனான். இலைகள் இன்னும் பச்சையாக இருப்பதை ஃபோனில் சொன்னபோது சிரித்தான்.

“செத்த பாம்ப எத்தனை தடவ அடிக்கிறது? காஞ்சிடும். நீ அம்மாவப் பாரு.”

ஒரு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அம்மாவுக்கு வாதத்தில் இடப்பக்கம் விழுந்ததும் வேலையை விட்டவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதே அவளுடைய பகலும் இரவும். இலை மூடிய ஜன்னலில் மதிய வெயிலே பச்சையாகக் கசியும் அந்த அறையில், மருந்து நெடியும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து நிற்க, சுவருக்குள் யாரோ நகத்தால் கீறுவதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்ல ஆளில்லை.

நான்கு நாள் முன்பு, சுவரோரம் கிடந்த தன் உணர்வற்ற கையைக் காட்டி அம்மா குழறலாகச் சொன்னாள்:

“இந்தக் கைய யாரோ பிடிச்சிருக்காப்ல இருக்குடி. சுகமா இருக்கு. என்னத் திருப்பாத.”

உணர்வு திரும்பினால் எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா எழுந்தால் அவளும் இந்த வீட்டைவிட்டு எழுந்துவிடலாம். சமையலறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். அதன்பின் திருப்பவில்லை.

அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். வயிற்றில் ஓட்டையா என்று கேலிகூடச் செய்தாள் மகள். ஆனால் இன்று பால் கொடுக்கத் தலையைத் தூக்கியபோது, அது தலையணையைவிட லேசாக இருந்தது.

ஜன்னலில் புதிதாக ஒரு தளிர். இளஞ்சிவப்பு.

கட்டிலைப் பிடித்து இழுத்தாள்.

கட்டில் வந்தது. கை வரவில்லை.

குனிந்தாள். சுவரில் விரிசல். அதிலிருந்து முடிபோல் வேர்கள். மணிக்கட்டுவரை. மணிக்கட்டுக்கு மேலும், தோலுக்கு அடியில், முழங்கையைத் தாண்டி.

ஒன்றைப் பிய்த்தாள்.

காற்றே இல்லை. வெளியே இலைகள் எல்லாம் ஒன்றாகச் சிலிர்த்தன.

அம்மா கண் திறக்கவில்லை. ஒரு வருஷமாக அசையாத அந்த ஐந்து விரல்கள் மட்டும் மகளின் மணிக்கட்டைத் தேடி வந்து, சுண்டுவிரலில் தொடங்கி, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டன.