ஏழாம் அறையில் ஒரு டொக்

“இன்னிக்கு எத்தனை இடி?” என்று கேட்டாள் மைக்.

“பதினொண்ணு. சாப்பாட்டு வண்டி இன்னும் வரவே இல்ல!” என்றான் தம்பி சுண்டு.

சுண்டுவின் காலில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் அறைகள் எல்லாம் நிரம்பி வழிந்ததால் நடைவழியில் கட்டில் போட்டிருந்தார்கள். போகிற வண்டியும் வருகிற வண்டியும் கட்டிலை ஓர் இடி இடித்துவிட்டுத்தான் நகரும். ஒவ்வோர் இடிக்கும் அவன் பல்லைக் கடிப்பான்.

“நாளை மறுநாள் நீ ஏழாம் அறைக்குப் போயிடுவடா!” என்றாள் மைக்.

“ஸ்ஸ்ஸ்!” என்று எங்கிருந்தோ நர்ஸ் அக்காவின் குரல் வந்தது. “இங்க எல்லாரும் தூங்கறாங்கம்மா!”

மைக் ரகசியம் பேசினாலே மாடிவரை கேட்கும். அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் புதுக் கட்டடம் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் செங்கல் அடுக்கவில்லை. சுவர், ஜன்னல், விளக்கு, குளியலறை என்று எல்லாம் சேர்ந்த முழு அறையே தொழிற்சாலையில் தயாராகி லாரியில் வரும். கிரேன் அதைத் தூக்கி, பெட்டி அடுக்குவதுபோல வரிசையில் வைக்கும். இதுவரை ஆறு அறைகள் வைத்தாகிவிட்டது. ஏழும் எட்டும் இன்று வந்திருந்தன.

நேற்று நர்ஸ் அக்கா சுண்டுவைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே கூட்டிப் போனார். மைக்கும் கூடப் போனாள். சுண்டு கையிலிருந்த ஸ்பூனால் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டான்.

“சாதா சுவர் ‘டம்’முங்குது. குளியலறைச் சுவர் ‘டொக்’குங்குது. ஏன் அக்கா?”

“உள்பக்கம் ஓடு ஒட்டியிருக்குல்ல, அதான். ரெண்டு ரெண்டு அறை ஒரு ஜோடி. குளியலறை ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்பதான் நடுவுல ஒரே குழாய் போதும். ஏழுக்கு வலது பக்கம், எட்டுக்கு இடது பக்கம்.”

இப்போது சுண்டு அதே ஸ்பூனை மைக்கிடம் நீட்டினான்.

“என் ரூம் வந்திருக்குல்ல? ஒரு டொக் தட்டிட்டு வா.”

மைக் வாசலுக்கு ஓடினாள். இரண்டு லாரிகள் நின்றன. இரண்டு அறைகளையும் வெள்ளைத் தார்ப்பாயால் சுற்றியிருந்தார்கள். ஒரு தார்ப்பாயின் மேல் பெரிதாக ‘7’, இன்னொன்றின் மேல் ‘8’. தார்ப்பாய்க்குள் கதவுக் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. அதன் எதிரே நின்று வலது எது என்று பார்த்துக்கொண்டாள். ஏழாம் அறையின் வலப்பக்கம் போய்த் தட்டினாள்.

டம்.

இன்னொரு தட்டு. டம்.

இடப்பக்கம் ஓடித் தட்டினாள். டொக்!

 கிரேன் பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் நேராக ஓடினாள்.

“மாமா, இது ஏழு இல்ல! குளியலறை தப்பான பக்கம் இருக்கு!”

“கண்ணு, அவ்வளவு பெருசா நம்பர் எழுதியிருக்கு. தெரியலையா?”

“பிரிச்சுப் பாருங்களேன்!”

“மழை தூறுது. பிரிச்சா உள்ள நனைஞ்சிடும். கிரேன் வேற சாயங்காலம் கிளம்பிடும். போனா வர இருபது நாள் ஆகும். நகரு, நகரு!”

இருபது நாள்! தப்பாக வைத்துவிட்டால்? சுண்டுவுக்கு இன்னும் இருபது நாள் இடி!

மேஸ்திரி விசில் ஊதினார். கிரேன் மெல்ல அசைந்தது. சங்கிலிகள் இறுகின.

மைக், வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று, மூச்சை நெஞ்சு முட்ட இழுத்தாள்.

“நிறுத்துங்கோ... ஓ... ஓ!”

மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஆஸ்பத்திரி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உயரே கூண்டில் இருந்த கிரேன்காரர் சட்டென்று நெம்புகோலைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“என்ன பிள்ளை நீ! யார் வீட்டுப் பிள்ளை?” என்று மேஸ்திரி சிவந்த முகத்துடன் வந்தார்.

 மைக் நகரவில்லை. ஸ்பூனை நீட்டினாள்.

“வலது பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டுங்க மாமா. டொக்குன்னு கேட்டா நான் போயிடறேன்.”

“உன்னோட பெரிய ரோதனை!” ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு போய் வலப்பக்கம் தட்டினார். டம். காதை வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். டம். இடப்பக்கம் போனார். டொக்.

அவர் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. லாரி ஓட்டுநர்கள் பக்கம் திரும்பினார்.

“வழியில ஏதாவது பண்ணினீங்களாப்பா?”

ஓட்டுநர்களில் ஒருவர் தலையைச் சொறிந்தார். “காத்துல ரெண்டு தார்ப்பாயும் கழண்டுடுச்சுண்ணே. டீ குடிக்க நிறுத்தின இடத்துல நாங்களே கட்டினோம். ரெண்டும் ஒரே அளவுதானேன்னு...”

“நல்லா கட்டினீங்க! தண்ணி ஒரு பக்கம், குளியலறை ஒரு பக்கம்னு ஆகியிருக்கும்!” என்றவர், மேலே பார்த்துக் கத்தினார். “எட்டுன்னு எழுதினதைத்தான் முதல்ல எடுக்கணும்!”

கிரேன்காரருக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி மைக்கைப் பார்த்தார்.

“நீயே சொல்லிடு தாயே.”

மைக் சொன்னாள். கேட்டது.

இருட்டுவதற்குள் இரண்டு அறைகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அப்புறம்தான் கிரேன் கிளம்பியது.

இரண்டு நாளில் குழாயும் விளக்கும் இணைத்தார்கள். நடைவழிக் கட்டில்கள் ஒவ்வொன்றாகப் புது அறைகளுக்கு உருண்டன. ஏழாம் அறைக்குள் போனதும் சுண்டு முதல் வேலையாக வலப்பக்கச் சுவரை எட்டித் தட்டினான்.

டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் அறையிலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். டொக், டொக்!

“ஆளு இருக்குடா!” என்று மைக் கத்தினாள்.

“ஸ்ஸ்ஸ்!” நர்ஸ் அக்கா பழக்கத்தில் ஓடிவந்தார். வந்த வேகத்தில் நடைவழியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கட்டில்கூட இல்லை. சாப்பாட்டு வண்டி எதிலும் முட்டாமல் உருண்டு வந்துகொண்டிருந்தது.

மைக் தம்பியின் காதருகே குனிந்து, தன்னால் முடிந்தவரை மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கு எத்தனை இடி?”

ஏழாம் அறைக்குள் வந்து நின்ற வண்டியைப் பார்த்தபடி சுண்டு சொன்னான்.

“ஒண்ணுகூட இல்ல.”