வாயிலில் தொங்கிய ஆலிவ் மாலை

இலிசோஸ் நதியின் மேல் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. ஏதென்ஸ் மாநகரின் மதில்களைக் கடைசி வெயில் பொன்னிறமாக்க, கீழ்த்திசையில் எழுந்த முழுமதி மெல்லிய நீரோட்டத்தில் விழுந்து தத்தளித்தது. அந்த எழிலைக் காணும் பேறு மைரீனிக்கு இல்லை. மாடியில் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அறையில், தறியின் அருகே, சில நாட்களுக்கு முன் ஈன்ற சிசுவை மார்போடு அணைத்தபடி அந்த இளநங்கை படியோசைக்குச் செவி சாய்த்திருந்தாள்.

அன்பு வாசகர்களே! அந்நகரத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆண் மகவு பிறந்தால் வாயிலில் ஆலிவ் இலை மாலை தொங்கும். பெண் பிறந்தாலோ ஒரு கொத்துக் கம்பளி. ஆயுள் முழுதும் நூற்கத்தானே போகிறாள்! தந்தை குழந்தையை ஏந்தி, இல்லத்து அக்கினியை வலம் வந்து பெயரிட்டால் அது அவன் குலக்கொழுந்து. ஏந்த மறுத்தால் மண்பானையில் வைத்து மதிலுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். சுதந்திரத்தைப் பற்றிச் சந்தைதோறும் வாய் கிழியப் பேசிய ஆண்களின் ஊர் அது! மைரீனியின் முதல் மகள் அந்தப் பானையில்தான் போனாள்.

"அம்மணி! பிரபு துறைமுகத்திலிருந்து வந்துவிட்டார்!" என்று மூச்சிரைக்க ஓடிவந்தாள் அடிமைப் பெண் திராத்தா. "வாயிலில் மாலையைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார். ஐயோ, பெண் குழந்தை என்று தெரிந்தால்...?"

"தெரியட்டும், திராத்தா. வலம் வந்த பிறகு தெரியட்டும். இவளைத் துணியில் நன்றாகச் சுற்றி எடுத்துப் போ!"

கீழே நடுக்கூடத்தில் உறவினர் புடைசூழ நின்றான் கப்பற்படைத் தலைவன் லைசானியாஸ். மனைவியை நேசிக்காதவன் என்று அவனைச் சொல்ல முடியாது. சென்ற தேசமெல்லாம் அவளுக்காக அணிகலன் தேடியவன்தான். ஆனால் அவளிடம் ஒன்றைக் கேட்டறியும் பழக்கம் மட்டும் அவனுக்கு இல்லை. திராத்தா நீட்டிய துணிச்சுருளை வாங்கி, அக்கினியை வலம் வந்து, தன் பாட்டனின் பெயரை உரக்கச் சூட்டினான்.

"இது என் குருதி! என் வீட்டுப் பிள்ளை! இல்லத்து அக்கினியைக் காக்கும் ஹெஸ்தியா தேவியே சாட்சி!"

உறவினர் ஆர்ப்பரித்தனர். மகனின் தோள்களை அவர்களுக்குக் காட்டும் ஆவலில் அவன் துணியை விலக்கினான். துணிக்குள் கிடந்தது பெண் மகவு!

"மாலையைக் கட்டியது யார்?" என்று கர்ஜித்தவனின் கை திராத்தாவின் கூந்தலைப் பற்றியது.

"அவளை விடுங்கள்! கட்டியவள் நான்!" சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள் மைரீனி.

"என்னிடமே பொய்யா?"

"நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பிரபு. கதவைப் பார்த்தீர்கள், நம்பினீர்கள். பெற்றவளிடம் ஒன்றும் கேட்கவில்லையே!"

மூத்த உறவினர் ஒருவர் கைத்தடியை ஊன்றி முன்வந்தார். "லைசானியாஸ்! தேவியின் முன் சொன்ன சொல் மாறாது. இக்குழந்தை உன் வீட்டுக்கு உரியது."

"ஆம், குழந்தை எனக்கு உரியது. நானே வளர்ப்பேன்." அவன் குரல் உடைந்தது. "ஆனால் இவள் இனி என் மனைவியல்ல. இக்கணமே தன் தந்தை வீட்டுக்குப் புறப்படட்டும்!"

வாசகர்களே! கணவன் விலக்கிய பெண் அந்நாட்டில் தன் சீதனத்தோடு வெளியேறலாம்; பிள்ளையோடு வெளியேற முடியாது. பிள்ளை தந்தையைச் சேர்ந்தது. மைரீனிக்கு இது தெரியும். மாலையைக் கட்டும்போதே தெரியும்.

அவள் கணவன் கையிலிருந்த குழந்தையை வாங்கி, முத்தமிட்டுத் திராத்தாவிடம் கொடுத்தாள். மடியில் மறைத்திருந்த கம்பளிக் கொத்தையும் அவள் கையில் திணித்தாள். "கதவில் தொங்கியிருக்க வேண்டியது. பத்திரம்."

"இந்த அக்கினியின் மேல் ஆணை, அம்மணி!" என்று விம்மினாள் திராத்தா. "இவள் நூற்கும் முதல் நூல் இந்தக் கம்பளியில்தான். அன்று தாயின் பெயரை நான் சொல்லிக் கொடுப்பேன்."

மைரீனி வாசலைத் தாண்டியதும் கதவு சாத்தப்பட்டது. நிலவொளியில் ஆலிவ் மாலை இன்னும் வாடாமல் தொங்கியது. உள்ளே பசித்த சிசு வீறிட்டு அழத் தொடங்கியது. பால் கட்டிய மார்பை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு அவள் கதவில் சாய்ந்தாள்.

"அழு, கண்ணே! நன்றாக அழு! உன் அக்காளின் அழுகை விடிவதற்குள் நின்றுவிட்டது."